நள்ளிரவில் மேல்தளத்தில் காலடிச் சத்தம்: படகில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம். நானும் என் கணவரும் 36 அடி பாய்மரப் படகில் எட்டு மாதமாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறோம். இருவர் மட்டும்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது, இரவு இரண்டரை மணிக்கு மேல்தளத்தில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. கணவர் கத்திக்கொண்டே மேலே ஓடினார். ஒருவன் தண்ணீரில் குதித்து, சின்னப் படகில் காத்திருந்த இன்னொருவனோடு போய்விட்டான். கரைக்குப் போய்வர நாங்கள் வைத்திருக்கிற சின்னப் படகான டிங்கியைக் கட்டியிருந்த கயிறு பாதி அறுந்திருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. துப்பாக்கி வாங்கியே தீர வேண்டும் என்கிறார் அவர். தலைமாட்டில் துப்பாக்கி இருந்தால் இப்போது வருகிற கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விடும் எனக்கு. மிளகு ஸ்ப்ரே போதுமா? நான் ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளட்டுமா? இல்லை, பயணத்தையே நிறுத்திவிட வேண்டியதுதானா?

பதில்:

வணக்கம் சகோதரி. துப்பாக்கி, ஸ்ப்ரே, தற்காப்புக் கலை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அன்று இரவு நடந்ததையே கொஞ்சம் பார்க்க வேண்டும், உங்களுக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் கணவர் கத்தியது சரி, மிகவும் சரி. வந்தவன் ஓடியது அந்தச் சத்தத்துக்குத்தான். ஆனால் அவர் மேலே ஓடியது தவறு. அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அல்லது இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள்.

உங்கள் கேபினிலிருந்து காக்பிட்டுக்கு, அதாவது மேலே படகை ஓட்டுகிற திறந்த இடத்துக்கு, ஏறும் ஏணியை நினைத்துப் பாருங்கள். ஏறுகிறவரின் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், தலைதான் முதலில் வெளியே வரும், கண் இருட்டுக்குப் பழகியிருக்காது, தூக்கக் கலக்கம் வேறு. மேலே ஒருவன் வெட்டுக்கத்தியோடு நின்றிருந்தால் அந்த இரண்டு நொடியில் எவ்வளவு பலசாலியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே ஏணி, நீங்கள் கீழே இருந்தால் உங்களுக்குச் சாதகம். உள்ளே வர நினைக்கிறவன் ஒருவர் பின் ஒருவராக, முதுகைக் காட்டிக்கொண்டோ காலை முதலில் நீட்டியோதான் இறங்க வேண்டும், அதுவும் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமல். பல வருஷம் படகுகளைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் கொண்டு சேர்த்துவிட்டு, இப்போது நீண்ட பயணம் கிளம்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நான் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்வது இதைத்தான்: சத்தம் கேட்டால் மேலே போகாதீர்கள். கீழேயே இருந்து பூட்டுங்கள், வெளிச்சம் போடுங்கள், ஊரைக் கூட்டுங்கள்.

இனி துப்பாக்கி. உங்கள் கணவர் தனியாக இப்படி நினைக்கவில்லை, இப்படி ஒரு அனுபவம் வந்த எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு நான் ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன். நியூசிலாந்தின் சர் பீட்டர் பிளேக், 1995-இலும் 2000-இலும் பாய்மரப் படகுப் போட்டியான அமெரிக்கக் கோப்பையை வென்றவர், உலகத்தின் மிகச் சிறந்த பாய்மர மாலுமிகளில் ஒருவர். 2001 டிசம்பரில் அவருடைய 'சீமாஸ்டர்' படகு அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தில், பிரேசிலின் மக்காபா நகருக்கு அருகே நங்கூரமிட்டிருந்தது. இரவில் முகமூடி போட்ட ஆயுதக் கும்பல் ஏறியது. அவர் கீழே போய் ரைபிளை எடுத்து வந்து சுட்டார், ஒருவன் கையில் பட்டது. அதன் பிறகு துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படகில் இருந்த மற்ற எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். கொள்ளைக்காரர்கள் கொண்டுபோனது சின்னப் படகின் பின்னால் மாட்டுகிற ஒரு அவுட்போர்டு மோட்டாரும் சில கைக்கடிகாரங்களும்தான். அவர் தப்புச் செய்தார் என்று சொல்ல நான் யார்? தன் ஆட்களைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் செய்தார். ஆனால் திருட வந்தவனைக் கொலை செய்கிறவனாக மாற்றுவது பல நேரம் நம் கையில் இருக்கிற துப்பாக்கிதான். எனக்கு இது நெஞ்சில் தைத்த விஷயம், அதனால் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

அப்புறம் சட்டம். படகில் துப்பாக்கி இருந்தால் பெரும்பாலான நாடுகளில் நுழைந்தவுடனே கஸ்டம்ஸில் அறிவிக்க வேண்டும். பல இடங்களில் அதை வாங்கிக் காவல் நிலையத்திலோ கஸ்டம்ஸ் கிடங்கிலோ வைத்துவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் திருப்பித் தருவார்கள், அதுவும் வாங்கிய அதே துறைமுகத்தில். ஆக, அந்நிய நாட்டு விரிகுடாவில் நங்கூரமிட்டிருக்கிற இரவில், அதாவது உங்களுக்கு அது தேவைப்படும் என்று நினைக்கிற அதே இரவில், அது உங்களிடம் இருக்காது. அறிவிக்காமல் ஒளித்து வைக்கலாம் என்று சொல்கிற ஆட்கள் எல்லா மெரினாவிலும், அதாவது படகு கட்டும் துறையிலும், இருப்பார்கள், கேட்காதீர்கள். மெக்சிகோ மாதிரியான நாடுகளில் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்து பிடிபட்டால் நேரே சிறைதான். படகும் போகலாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. இரவில் உங்கள் படகில் ஏறுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. உங்கள் நங்கூரம் நழுவி நீங்கள் பாறையை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு எழுப்ப வருகிற பக்கத்துப் படகுக்காரர் இருக்கலாம். குடித்துவிட்டுத் தன் படகு என்று நினைத்து ஏறுகிறவர் இருக்கலாம். பகலில் வேகமாக நெருங்கி வருகிற மீன்பிடிப் படகு, 'என் வலை மேல் ஏறப் போகிறாய், விலகிப் போ' என்று சொல்லத்தான் வருகிறது, பல தடவை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்கரைக்கு அப்பால் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர்கள் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். பயிற்சி பெற்ற வீரர்கள், உயரமான கப்பல், பகல் வெளிச்சம். அப்படியிருந்தும் அது நடந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த ஒருவர், இருட்டில், ஆடுகிற படகில் எவ்வளவு சரியாகக் கணிப்பார்? என் பதில் இதுதான்: வாங்க வேண்டாம்.

மிளகு ஸ்ப்ரே பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சில நாடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும், பிரிட்டனில் அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழேயே தடை செய்யப்பட்ட பொருள். அதனால் ஒவ்வொரு நாட்டுக்குள் நுழையும் முன்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் இடம் கொடுத்தாலும் படகில் அதற்கு இரண்டு குறை: மேல்தளத்தில் காற்று அதை உங்கள் முகத்துக்கே கொண்டுவரும், கேபினுக்குள் அடித்தால் வந்தவனோடு சேர்ந்து நீங்கள் இருவரும் இருமிக்கொண்டு கண் தெரியாமல் கிடப்பீர்கள். ஏணி வாசலில் நிற்கிறவன் மேல் கீழிருந்து அடிப்பது ஒன்றுதான் ஓரளவு பயன் தரும். ஆபத்து அறிவிக்க எரிக்கிற ஒளிக்குச்சியான ஃபிளேரையோ அதைச் சுடுகிற ஃபிளேர் துப்பாக்கியையோ ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். கையில் பிடிக்கிற சிவப்பு ஃபிளேர் ஒரு நிமிஷம் எரியும், அணைக்க முடியாது, ஃபைபர் கிளாஸ் படகில் அது குறி தவறி விழுந்தால் திருடனை மறந்துவிட்டு நெருப்போடு போராட வேண்டியிருக்கும். ஃபிளேரின் வேலை வானத்தில். பாராசூட் ஃபிளேர் சுமார் 300 மீட்டர் மேலே போய் 40 நொடி எரியும், விரிகுடா முழுக்க விழித்துக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்தவரை படகில் தற்காப்பு என்பது நேரத்தைச் சேர்ப்பதுதான். வருகிறவன் வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவன் உள்ளே வருவதற்குள் சில நிமிஷமாவது ஆக வேண்டும், அந்தச் சில நிமிஷமும் அவனுக்குச் சங்கடமாக இருக்க வேண்டும். திருட வந்தவனுக்கு மிகவும் பிடிக்காத மூன்று விஷயம்: வெளிச்சம், சத்தம், தாமதம்.

டிங்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களிடம் வந்தவன் அதற்குத்தான் வந்தான். பயணப் படகுகளில் நடக்கிற திருட்டில் டிங்கியும் அவுட்போர்டு மோட்டாரும்தான் அதிகம், படகுக்காரர்களைப் பொறுத்தவரை அது கார் திருட்டு மாதிரி. கயிறு போட்டுப் பின்னால் மிதக்க விட்டால், ஒரு கத்தி போதும். இருட்டியதும் டிங்கியை மோட்டாரோடு தூக்கிப் படகின் பக்கவாட்டில், தண்ணீரிலிருந்து கை எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள், பாய்மரக் கயிறு ஒன்றும் அதைச் சுற்றி இழுக்கிற வின்ச்சும் இருந்தால் இருவரால் ஐந்து நிமிஷ வேலை. தூக்கியதோடு விடாமல் ஸ்டெயின்லெஸ் சங்கிலியோ கனமான கம்பி வடமோ போட்டுப் பூட்டுங்கள். மோட்டாருக்குத் தனிப் பூட்டு. கரைக்குப் போகும்போதும் அதே சங்கிலி. புதிய மோட்டாரின் பளபளப்பான மூடி மேல் அசிங்கமாகப் பெயின்ட் அடித்துவிடுகிற பழக்கம் பல பழைய மாலுமிகளுக்கு உண்டு, அதை நான் முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன். விற்க முடியாத பொருளை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது உள்ளே வருகிற வழிகள். வெப்பமான கடலில் ஹேட்சுகளை, அதாவது மேல்தளத்தில் இருக்கிற மூடிக் கதவுகளை, திறந்து வைத்துத்தான் தூங்க முடியும், பூட்டிக்கொண்டு வேர்த்துக் கிடக்கச் சொன்னால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஸ்டெயின்லெஸ் கம்பிகளை வைத்து ஹேட்ச் அளவுக்குக் கிரில் செய்து, உள்ளிருந்து மாட்டுகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். காற்று வரும், ஆள் வர முடியாது. கேபின் வாசலில் இருக்கும் பலகைகளுக்குப் பதில் இரவுக்கு மட்டும் ஒரு கம்பிக் கதவு. இங்கே ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: எந்தக் கிரிலையும், எந்தக் கதவையும் உள்ளிருந்து சாவி இல்லாமல், இருட்டில், ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். நான் பயிற்சி கொடுத்த ஒரு தம்பதி, உங்களை மாதிரியே ஒரு இரவுப் பயத்துக்குப் பிறகு, முன் ஹேட்சுக்கு நட்டு போல்ட்டு போட்டு நிரந்தரக் கிரில் மாட்டினார்கள், வாசலுக்குப் பூட்டு போட்டுச் சாவியை ஒரு டிராயரில் வைத்தார்கள். ஒரு நாள் அடுப்பில் தீ கிளம்பி, வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றது. தீயணைப்பான் கைக்கு எட்டியதால் பிழைத்தார்கள். திருடனுக்குப் பயந்து கட்டிய கூண்டு நெருப்பு நாளில் யாருக்குக் கூண்டாகும் என்று யோசித்துவிட்டுக் கட்டுங்கள். நெருப்பும், கடலில் தவறி விழுவதும்தான் பாய்மரப் படகில் இருக்கிறவர்களைத் திருடர்களைவிட அதிகமாகத் துரத்துகிற ஆபத்துகள், இரவில் தனியாக மேல்தளத்தில் இருக்கும்போது உடம்பில் பாதுகாப்புப் பட்டை போட்டு அதைப் படகோடு கொக்கியால் மாட்டிக்கொள்கிற பழக்கம் உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே இருக்கும் என்று நம்புகிறேன்.

முன்கூட்டித் தெரிவது எப்படி? தனியாக உலகத்தைச் சுற்றிய முதல் மாலுமி ஜோஷுவா ஸ்லோகம், 1896-இல் மகெல்லன் நீரிணையில் தூங்கப் போகும் முன் மேல்தளம் முழுக்கக் கம்பள ஆணிகளை முனை மேலே பார்க்கப் பரப்பிவிட்டுப் படுத்தார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். ஆணி நமக்கு வேண்டாம், நடுராத்திரியில் நங்கூரம் நழுவினால் வெறுங்காலோடு ஓடப் போவது நீங்கள்தான். ஆனால் அவர் யோசித்த விதம் இன்றைக்கும் சரி: காவலுக்கு ஆள் இல்லையென்றால் படகே காவல் காக்கட்டும். காக்பிட்டிலும் பின்பக்க ஏணியிலும் அசைவு கண்டால் அலறுகிற சின்ன சென்சார்கள் கிடைக்கின்றன, வாசல் மிதியடிக்கு அடியில் வைக்கிற அழுத்தப் பாய் இருக்கிறது. அலையாட்டத்தில் பொய் அலாரம் நிறைய அடிக்கும், முதல் வாரம் சலித்துப்போகும், எங்கே எந்தக் கோணத்தில் வைத்தால் அடிக்காது என்று பொறுமையாகப் பார்த்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏறுகிற இடங்களில் முழங்கால் உயரத்தில் தூண்டில் நரம்பு கட்டி, அதில் இரண்டு பாத்திரத்தைத் தொங்க விட்டாலும் போதும். முக்கியமாக, இரவானதும் பின்பக்க நீச்சல் ஏணியை மேலே தூக்கிவிடுங்கள். அதைத் தொங்க விட்டுவிட்டு அலாரம் வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சத்தம் கேட்டதும் எல்லாரும் கேபின் விளக்கைப் போடுவார்கள். போடக் கூடாது. கேபின் விளக்கைப் போட்டால் வெளியே நிற்கிறவனுக்கு நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி தெரிவீர்கள், உங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கேபின் இருட்டாகவே இருக்கட்டும். பாய்மரத்தின் மேலிருந்து மேல்தளத்தை நோக்கி அடிக்கிற விளக்குகளின் ஸ்விட்ச் படுக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதைத் தட்டினால் அவன் மேடையில் நிற்கிறான், நீங்கள் இருட்டில் இருந்து பார்க்கிறீர்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, துப்பாக்கிக்கு ஆகிற செலவில் ஒரு பகுதிகூட ஆகாது.

சத்தத்துக்கு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கேஸ் ஹாரன். விடாமல் ஊதுங்கள். மூடுபனி ஹாரனை இடைவிடாமல் ஒலிப்பது சர்வதேச விதிப்படி ஆபத்து அறிவிப்பு, அதைக் கேட்கிற எந்த மாலுமியும் எழுந்து பார்ப்பார். கூடவே ஆண் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒருவரை இல்லை, நாலைந்து பேரை. கீழே ஒரு கூட்டமே இருக்கிறது என்று அவன் நினைக்கட்டும்.

ரேடியோ விஷயத்தில் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசுகிற வி.எச்.எஃப். ரேடியோ இரவு முழுக்க, ஆபத்து அழைப்புக்கான சானல் 16-இல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ரேடியோவில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கிறதல்லவா? அந்த மூடியைத் திறந்து பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், உங்கள் படகின் அடையாள எண்ணும் இருக்கிற இடமும் சானல் 70 வழியாக டிஜிட்டல் செய்தியாகச் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கரைக்கும் போகும், அவர்கள் ரேடியோவில் அலாரம் அடிக்கும். ஆபத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கிற பட்டியலில் கடற்கொள்ளை, ஆயுதத் தாக்குதல் என்று ஒரு வரியே இருக்கும். ஆனால் எண் பதியாமலோ ஜி.பி.எஸ். இணைக்காமலோ இருந்தால் அந்தப் பொத்தான் பாதிப் பயன்தான், இதை நாளைக்கே பாருங்கள். அப்புறம் ஒரு உண்மை: நங்கூரமிட்டதும் நிறையப் பேர் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். அதனால் புதிய விரிகுடாவுக்குப் போனால், மாலையிலேயே டிங்கியில் போய்ப் பக்கத்து இரண்டு படகுக்காரர்களிடம் பேசுங்கள், இரவு எந்தச் சானலில் கேட்பீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஃபோன் எண் வாங்குங்கள். எந்த அலாரத்தையும்விட இந்தப் பத்து நிமிஷப் பேச்சை நான் நம்புகிறேன். ஈபர்ப் என்கிற அவசர உதவிக் கருவியும் இருக்கட்டும், அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும், ஆனால் உதவி வர நேரமாகும். பத்து நிமிஷத்தில் வரக்கூடியவர் பக்கத்துப் படகுக்காரர்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே வந்துவிட்டால்? இதைப் பேசாமல் தள்ளிப்போடுகிற தம்பதிகள்தான் அதிகம். நீங்கள் இருவரும் பகலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. பொருளுக்காக வந்தவர்கள் என்றால் கொடுத்துவிடுங்கள். கை தெரிகிற மாதிரி வைத்து, 'டிராயரைத் திறக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திறந்து, முறைக்காமல், வாதாடாமல். இதற்கென்றே ஒரு பர்ஸ் வையுங்கள்: நம்பும்படியான அளவு பணம், காலாவதியான ஒரு அட்டை, பழைய ஃபோன் ஒன்று பக்கத்தில். உண்மையான பணமும் பாஸ்போர்ட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் முன்னால் அந்த இடத்தைத் திறக்கவே கூடாது. இருவரும் ஒன்றாகவே நில்லுங்கள். அவர்கள் போகும்போது துரத்தாதீர்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, அதை நீங்கள் கேட்காமல் விட்டதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கட்டிப்போடப் பார்த்தால், ஒருவரை மட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால், உங்கள் மேல் கை வைத்தால், பொருள் கிடைத்த பிறகும் போகாமல் நின்றால், அப்போது கணக்கு வேறு. அந்த நிலையில் முழு பலத்தோடு, அரைமனதில்லாமல் எதிர்க்க வேண்டும். எதை வைத்து? எந்த நாட்டு கஸ்டம்ஸும் கேள்வி கேட்காத இரண்டு பொருள் உங்கள் படகில் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று தீயணைப்பான். பவுடர் தீயணைப்பானை முகத்துக்கு நேரே அடித்தால் சில நொடிக்குக் கண் தெரியாது, மூச்சுத் திணறும், தீர்ந்த பிறகு அந்த உருளையே கனமான பொருள். மற்றொன்று வின்ச் கைப்பிடி. இரண்டும் படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். அடித்து ஜெயிப்பதற்காக இல்லை, வழி கிடைத்து வெளியேறுவதற்காக. கரையும் மற்ற படகுகளும் பக்கத்தில் இருந்து, இருவருக்கும் நன்றாக நீந்தத் தெரிந்தால், தண்ணீரில் குதிப்பதும் ஒரு வழிதான், இருட்டில் தண்ணீருக்குள் உங்களைத் தேடுவது அவர்களுக்குச் சுலபம் இல்லை. நீரோட்டம் இருக்கிற இடத்தில் வேண்டாம்.

தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் உயர உதைக்கிற கலை படகில் உதவாது, கேபினில் நிமிர்ந்து நிற்கவே இடம் இல்லை. கையைப் பிடித்தால் விடுவிப்பது, கழுத்தைப் பிடித்தால் விடுவிப்பது, கீழே தள்ளப்பட்டால் எழுவது, மிக நெருக்கத்தில் முழங்கை வைத்து அடிப்பது, வயிற்றிலிருந்து குரல் எடுத்துக் கத்துவது, இந்த ஐந்தையும் சொல்லித் தருகிற இடமாகப் பாருங்கள். கற்றதை உங்கள் படகிலேயே, குறுகிய நடைவழியில், கணவரோடு மெதுவாகச் செய்து பாருங்கள். பல பெண்கள் என்னிடம் சொன்னது, அடிக்கக் கற்றுக்கொண்டதைவிடக் கத்தக் கற்றுக்கொண்டதுதான் உதவியது என்று. நம்மில் நிறையப் பேருக்குக் குரலை உயர்த்தி அழைக்கவே கூச்சம், அதை முதலில் உடைக்க வேண்டும்.

எங்கே போகிறோம் என்பதைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது. நீங்கள் பார்த்தது நங்கூரத் திருட்டு, அதற்கு மேலே சொன்னதெல்லாம் உதவும். ஆயுதம் ஏந்திய கடத்தல் கும்பல் நடமாடும் கடலில் இதில் எதுவும் உதவாது, அங்கே ஒரே தற்காப்பு போகாமல் இருப்பது. 2009 அக்டோபரில் சீஷெல்ஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் தம்பதியைச் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்து 388 நாள் வைத்திருந்தார்கள். 2011 பிப்ரவரியில் 'குவெஸ்ட்' படகில் பிடிபட்ட நான்கு அமெரிக்கர்களை, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பக்கத்திலேயே தொடர்ந்து வந்தும் காப்பாற்ற முடியவில்லை. 2008-இல் சோமாலியாவுக்கு அருகே கடத்தப்பட்டு விடுதலையான ஒரு ஜெர்மன் தம்பதி 2016-இல் தெற்குப் பிலிப்பைன்ஸ் கடலில் மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள், இந்தத் தடவை இருவரும் உயிரோடு திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடலில் கடற்கொள்ளைக்காகக் குறித்து வைத்திருந்த அதி ஆபத்து மண்டலத்தைக் கப்பல் துறை 2023 ஜனவரி 1 முதல் நீக்கியது, அதைக் கேட்டுப் பலர் நிம்மதியானார்கள், அதே வருஷக் கடைசியில் செங்கடலிலும் சோமாலியாவுக்கு அப்பாலும் தாக்குதல் திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஒரு வருஷப் பழைய செய்தியை நம்பிப் பாதை போடாதீர்கள். கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கடற்கொள்ளைத் தகவல் மையம் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது, வரைபடத்தில் குறித்துத் தருகிறது. கரீபியனில் பயணப் படகுகளுக்காகவே பாதுகாப்புத் தகவல் வலையமைப்பு ஒன்று இருக்கிறது, எந்த விரிகுடாவில் எந்த மாதம் எந்த மாதிரித் திருட்டு நடந்தது என்று படகுக்காரர்களே சொல்லித் திரட்டுகிறார்கள். உங்களுக்கு நடந்ததையும் காவல்துறையிலும் மற்ற மாலுமிகளிடமும் சொல்லிவிட்டீர்களா? ஒன்றும் போகவில்லையே என்று விட்டுவிட்டிருந்தால் இப்போது சொல்லுங்கள், அடுத்து அங்கே நங்கூரமிடப் போகிறவருக்கு அது வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. இருக்கிற இடத்தைச் சமூக ஊடகத்தில் உடனுக்குடன் போடாதீர்கள், அடுத்த துறைமுகம் போன பிறகு படம் போடுங்கள். 'நாளைக்கு அவர் ஊரில் இல்லை, நான் மட்டும்தான்' என்று கரைக்கடையில் பேசாதீர்கள். படகு இருக்கிற இடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டுகிற ஏ.ஐ.எஸ். ஒளிபரப்பை நங்கூரத்தில் அணைத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள், அமைதியான விரிகுடாவில் சரி, ஆனால் இரவில் கப்பல் பாதையைக் கடக்கும்போது அணைத்தால் திருடனுக்குத் தப்பி ஒரு சரக்குக் கப்பலின் அடியில் போவீர்கள்.

பயணத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு இரவுக்காக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் தூக்கம் இல்லாமல் கடலில் போவதே தனி ஆபத்து, அதனால் இரண்டு வாரம் ஒரு மெரினாவில் படகைக் கட்டிவிட்டு, முதலில் தூங்குங்கள். அந்த இரண்டு வாரத்தில் கிரில், விளக்கு ஸ்விட்ச், ரேடியோ எண், டிங்கிச் சங்கிலி நான்கையும் முடித்துவிடலாம். அப்புறம் இருவரும் ஒத்திகை பாருங்கள். அலாரம் அடித்தால் அவர் வாசலைப் பூட்டி வெளி விளக்கைத் தட்டுகிறார், நீங்கள் ரேடியோவை எடுக்கிறீர்கள், அப்புறம் ஹாரன். யார் என்ன என்பதை மாற்றிக்கொள்ளாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, படுத்த நிலையிலிருந்து எழுந்து, எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். முதல் தடவை ஏதாவது ஒன்றில் கால் இடறும், ஹாரன் கிடைக்காது. அதை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், திரும்பச் செய்யுங்கள். 20 நொடிக்குள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்து எந்த விரிகுடாவில் முதல் இரவு நங்கூரமிடலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.